சுவிஸ்காரியும் தூசியும்

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுப் படலையைச் சுவிஸ்காரி திறந்தாலும், அந்த வீட்டுக்காரி முதலில் தேடுவது கூட்டுகிற தும்புத்தடியைத்தான். வந்தவளுக்குத் தேத்தண்ணி வைப்பதெல்லாம் பிறகு. கதிரையில் இருக்க முதலே அவளுடைய கண் கதிரைக் காலுக்குப் போகும். அங்கிருந்து அலுமாரிக்கு மேலே போகும். பிறகு சாமிப் படத்துக்கு ஏறும். பிள்ளையாரின் தும்பிக்கையில் ஒட்டடை கிடந்தால் எங்களுக்குச் சொல்ல மாட்டாள், பிள்ளையாருக்கே சொல்லுவாள்.

"பாவம், மூச்சுவிட ஏலாமல் இருக்கிறீர் என்ன?"

என் பேத்தியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் அவள் வந்து இருந்தாள். மாப்பிள்ளை ஒருக்கால் சிரித்தார். நல்ல சிரிப்பு என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் சந்தோசம். இவள் என் காதுக்குள் வந்து, "அக்கா, மேல் பல்லு ரண்டாவதில மெல்லிசா ஒரு வெடிப்பு இருக்கு," என்றாள். நான் அவளுடைய துடையில் கிள்ளினேன். கலியாணம் நடந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு மாப்பிள்ளை முறுக்குக் கடித்தார், ரண்டாவது பல்லுப் பாதியாக முறுக்கோடு வந்தது. அதற்குப் பிறகு என் பேத்தி இவளைக் கண்டால் வாயைத் திறப்பதில்லை.

இப்போது அவள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. தாயின் வீட்டைச் சகோதரங்கள் விற்றுப் பங்கு போட்டுவிட்டார்கள். அவள் புல்மோட்டையில் தமக்கையோடு இருக்கிறாள். கடற்கரையெல்லாம் கறுத்த மணல் கிடக்கிற ஊர் அது. காற்றடித்தால் சோற்றுக்குள்ளும் மணல்தான். தூசிக்குப் பயந்தவளை எங்கே கொண்டுபோய் விடவேண்டுமென்று கடவுளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவளுடைய கண் அப்படிப் பழகினது சுவிஸில். சண்டைக் காலத்தில் புருசனோடு போனவள். போன சில வருடத்தில் அவர் நோய் வருத்தம் வந்து செத்துப்போனார். கையில் ஒரு பெண்பிள்ளை. மணிக்கூடு செய்கிற ஒரு சின்ன இடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அது சும்மா மணிக்கூடு இல்லை. அங்கே டயலுக்குப் பெயின்ற் அடிப்பதில்லை. கண்ணாடியை மாவாக அரைத்து, செப்புத் தட்டில் தூவி, நெருப்பில் உருக்கி வெள்ளையாக எடுப்பார்கள். முந்தி எங்கள் வீடுகளில் இருந்த எனாமல் கோப்பை இருக்கிறதே, அதே சங்கதிதான். கோப்பை கீழே விழுந்து துண்டு போய்க் கறுத்தால் நாங்கள் பாட்டுக்கு அதிலேயே தேத்தண்ணி குடிப்போம். அங்கே ஊசிமுனை அளவு கறுப்பு இருந்தாலும் அந்த டயல் குப்பைக்கு.

தூசிதான் எதிரி என்றால் கூட்டுகிறவளுக்கும் ஒரு மதிப்பு வரும்தானே. பழைய முதலாளி இவள் துடைக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் கண்ணாடி மாவைக் கழுவத் தந்தார். பிறகு அரிதட்டில் அரித்துத் தூவ விட்டார். பிறகு சுடவும் விட்டார். ஆனால் கடதாசியில் அவள் கடைசிவரைக்கும் கூட்டுகிறவள்தான். அதை மாற்ற அவருக்கும் நினைவு வரவில்லை, கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை.

தாய் படுக்கையில் விழுந்துவிட்டா என்று கேட்டு இங்கே ஓடிவந்தாள். மகளைக் கண்டதும் மனுசிக்கு உசார் வந்துவிட்டது. கஞ்சி கேட்டா, மீன்குழம்பு கேட்டா, மற்றப் பிள்ளைகளைத் திட்ட ஆள் கேட்டா. சாகிறதுக்கு மட்டும் அவசரமே படவில்லை. அந்த நாட்டில் ஒரு சட்டம், கனகாலம் வெளியே நின்றால் அங்கே இருக்கிற அனுமதி செத்துப்போகும். இவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் தாய்க்கு மூத்திரம் அள்ளினாள். கடைசியில் தாயும் அனுமதியும் கொஞ்சம் முன்னே பின்னே போய்ச் சேர்ந்தன.

மகள் அங்கே, இவள் இங்கே. பார்த்துவிட்டு வர விசா கேட்டாள். போனால் திரும்ப மாட்டாய் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"என்ன நியாயம் இது?" என்று நான் குதித்தேன்.

"பிழை இல்லை அக்கா," என்றாள் அவள். "நான் திரும்ப மாட்டன்தானே."

அப்படி ஒரு மனுசி. தனக்கு எதிராக யாராவது சரியாகச் சொல்லிவிட்டால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுவாள்.

பிறகு மகள் பிள்ளைத்தாச்சி என்று செய்தி வந்தது. முதல் பிள்ளைப்பேறு. பிள்ளை பெத்தவளுக்குக் காயச் சரக்கு அரைத்துக் கொடுக்க, வயிறு கட்ட, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் தாய்தானே வேண்டும். மகள் அழுதுகொண்டு அந்த மணிக்கூட்டுக்காரரிடம் போயிருக்கிறாள். பழையவர் ஒதுங்கிவிட்டார், இப்போது அவருடைய மகன். அவன் சொன்னது இதுதான்: உன் அம்மாவை நான் தும்புத்தடியோடுதான் கண்டிருக்கிறேன். கடதாசியும் அப்படித்தான் சொல்கிறது. அங்கே இருந்து தனியாக ஒரு டயல் செய்து அனுப்பச் சொல்லு. தூசி இல்லாத ஒன்று. அதைக் காட்டி, இந்த வேலைக்கு இவள் வேண்டுமென்று நான் விசா ஒப்பீஸில் கேட்கிறேன்.

ஒரு டயல். அதுதான் அவளுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவில் நின்றது.

செப்புக்கு எங்கே போவது? தாயின் செப்புக் குடத்தை எடுத்து வெட்டினாள். "அம்மா இதுக்காவது உதவட்டும்," என்றாள். வெள்ளைக் கண்ணாடித் தூள் ஒரு சின்னப் பைக்கற் மகள் அனுப்பினாள். சுடுகிற சூளைதான் இல்லை. கடைசியில் மூதூரில் பல்லுக் கட்டுகிற ஒரு முஸ்லிம் நானாவிடம் பழைய சூளை ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். ஒரு பாண் பெட்டி அளவுதான் இருக்கும்.

"இது பல்லுச் சுடுற அடுப்பு புள்ள. உங்களுக்கு என்னத்துக்கு?" என்றார் நானா.

"மணிக்கூடு சுட."

நானா என்னைப் பார்த்தார். இவளுக்குச் சுகமில்லையோ என்று கேட்கிற பார்வை. "மணிக்கூட்ட ஏன் சுடணும்? ஓடாட்டி எறிஞ்சிட்டு வேற ஒண்டு வாங்குங்களேன்."

இவள் அதற்குள் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டாள். "நானா, உள்ளுக்குத் தூசி கிடக்கு."

"அது தூசி இல்ல புள்ள. ஆரோ ஒருத்தர்ர பல்லு."

சூளை வந்து சேர்ந்த பிறகு தாய் வீட்டுப் பின்னறையை அவள் ஆசுப்பத்திரி மாதிரி ஆக்கினாள். யன்னலுக்கு ஈரத்துணி. வாசலுக்கு ஈரச்சாக்கு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி கிடையாது. எங்கள் ஊரில் மாடுபோல மான்கள் றோட்டில் திரியும். அதுகள் வந்து வேலியில் உரசினால் யன்னலால் எட்டி பிரெஞ்சில் ஏசுவாள். திருகோணமலை மானுக்குப் பிரெஞ்சு விளங்குமோ தெரியாது, ஆனால் தமிழில் ஏசினால் நிற்கிற மான் அதற்கு ஓடியது.

எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளை உடுப்பு. நிறச் சீலையின் நூல் பறந்து டயலில் விழுந்தால் கறுப்பாக நிற்கும் என்று உள்ளே வருகிறவர்கள் வெள்ளைதான் கட்டவேண்டும். புருசன் செத்த அன்றைக்கே வெள்ளை கட்ட மாட்டேன் என்று நின்றவள் அவள். அங்கே பொட்டும் வைத்து நிறமும் உடுத்தித் திரிந்தவள். அவருக்குக் கட்டாத வெள்ளையை ஒரு செப்புத் தட்டுக்குக் கட்டினாள். இனசனம் எல்லாம், "இப்பதான் அவளுக்குப் புத்தி வந்திருக்கு," என்று சந்தோசப்பட்டது.

எனக்குத்தான் வில்லங்கம். கண்ணாடித் தூளை அரைக்கிற வேலையை அவள் எனக்குத் தந்திருந்தாள். அம்மி பழகின கை என்பதற்காக. நானும் வெள்ளைச் சீலையோடு அவளுடைய முற்றத்தில் நிற்க, எங்கள் வீட்டுக்காரர் எங்கள் படலையில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகப் பக்கம் வேலைக்குப் போகிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, குரலைத் தணித்து அவரிடமே கேட்டார்.

"எப்ப ஐயா எடுக்கிறது?"

"ஆரை?"

"இல்லை, அந்த அம்மாவின்ர அவரை..."

அவர் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வேலியடிக்கு வந்தார். "இஞ்சரப்பா! நான் இன்னும் இருக்கிறன்!"

"தெரியும். ராவெல்லாம் குறட்டை கேட்டது," என்றேன்.

சுவிஸ்காரி சிரிக்கவில்லை. "அண்ணை, பேப்பரை அந்தப் பக்கம் வைச்சு உதறுங்கோ," என்றாள்.

அரைக்கிற வேலை சொல்லும்போது சின்னதுதான். கையளவு கல்லுரல், விரலளவு குழவி. தூளில் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும், நிற்கவிட்டு மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும், திரும்ப அரைக்க வேண்டும். அரிசி களைவதுபோலத்தான். ஆனால் அரிசி களைந்தால் சோறாவது வரும்.

"இன்னும் பால் போகுது அக்கா. திருப்பிக் கழுவுங்கோ."

"பால் போனால் போகட்டுமன். பிட்டுக்கே போடப்போறாய்?"

"கலங்கின தண்ணி நிண்டா வெள்ளை மங்கும்."

கழுவி முடிந்தால் செப்புத் தட்டுக்குப் புளி போட்டுத் தேய்ப்பாள். தட்டின் பின்பக்கத்துக்கு முதலில் தூள் பூசுவாள். அது எனக்கு விளங்கவேயில்லை.

"பின்பக்கம் ஆர் பாக்கிறது பிள்ளை? இருக்கிற கொஞ்சத் தூளையும் அங்க கொட்டுறாய்."

"பின்னுக்குப் பூசாட்டி முன்னுக்கு வெடிக்கும் அக்கா. ரண்டு பக்கமும் ஒரேயளவு இழுக்கவேணும்."

பிறகு முன்பக்கம். அரிதட்டை விரலால் தட்டித் தட்டி மா தூவுவதுபோலத் தூவுவாள். அந்த நேரம் அவளும் மூச்சு விட மாட்டாள், எங்களையும் விட விடமாட்டாள். சூளைக்குள் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டு சிவந்து, மா உருகி, தண்ணீர்போல மினுங்கும். அந்த நேரம் பார்த்து எடுக்க வேண்டும். ஆறவிட்டு, கல்லால் தேய்த்து, திரும்பத் தூவி, திரும்பச் சுட வேண்டும். கடைசியில் கறுப்பில் எண் எழுதி இன்னொருக்கால் சுட வேண்டும். ஒவ்வொரு தரமும் நெருப்புக்குள் போவது முழு டயலும்தான். முன்னே செய்த வேலை எல்லாவற்றையும் அது ஒரு நிமிடத்தில் தின்னக்கூடும்.

தின்றது. முதலாவது ஆறும்போது 'டிக்' என்று வெடித்தது. இன்னொன்றில் கொப்புளம் வந்தது. ஒன்று உள்ளே இருக்கும்போது கரண்ட் போய், தோடம்பழத் தோல்போல் சொரசொரத்து வெளியே வந்தது. அந்த நாட்களில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கச்சான் காற்று வேறு. எங்கள் ஊரில் கச்சான் அடிக்கத் தொடங்கினால் றோட்டில் கிடக்கிற மண்ணெல்லாம் வீட்டுக்குள் வந்து குடியிருக்கும்.

அவள் அழுது நான் காணவில்லை. ஒவ்வொன்றையும் கண்ணில் இடுக்குகிற கண்ணாடியால் பார்த்து, தூசி எங்கே இருந்து வந்தது என்று கண்டுபிடிப்பாள். "இது கச்சான். இது மான் மயிர். இது உங்கட தலைமயிர் அக்கா."

"என்ர தலையில இருந்தால்தானே பிள்ளை விழுறதுக்கு."

கச்சான் விழுந்து, மழை தொடங்க முதல், காற்றே இல்லாத ஒரு காலை வந்தது. கடல்கூட அசையவில்லை. அன்று அவள் கடைசித் தட்டில் எண்களும் எழுதிச் சுட்டு எடுத்தாள். வெளியே வரும்போது மஞ்சளாக இருந்தது. ஆற ஆற வெள்ளையானது. அப்படி ஒரு வெள்ளையை நான் கண்டதில்லை. அவித்து உரித்த முட்டை மாதிரி, தொட்டால் அமுங்கும்போல இருந்தது. எண்கள் கன்னங்கரேலென்று அதில் நின்றன. எங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன், வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு வந்தார்.

"வடிவாத்தான் இருக்கு. நேரம் என்ன காட்டுது?"

"முள்ளே இல்லை மனுசா."

சுவிஸ்காரி கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இருக்கு," என்றாள்.

"என்ன இருக்கு?"

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில. ஒண்டு."

நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் பார்த்தார். தன்னுடைய கண்ணிமை மயிரைக் கண்டதாகச் சொன்னார். அவள் ஊசியை எடுத்து வைத்து இடம் காட்டினாள். அப்போதும் எனக்கு ஊசிதான் தெரிந்தது.

"சுரண்டி எடுத்துப்போட்டு, அந்த இடத்துக்குக் கொஞ்சம் தூள் வைச்சு, இன்னொருக்காச் சுடவேணும்," என்றாள். பைக்கற்றின் அடியில் ஒரு சிட்டிகை கிடந்தது. சூளையின் கம்பி இரண்டு நாளாக விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"வெடிச்சால்?"

"வெடிச்சால் இல்லை."

"ஒருத்தருக்கும் தெரியாதடி!"

"நான் கண்டிட்டன் அக்கா."

அந்த நேரம் பார்த்துத்தான் மகளின் போன் வந்தது. அங்கே இன்னும் விடியவில்லை, அவளுக்கு நித்திரை வரவில்லை போல. "அம்மா, சொன்ன நாளுக்கு முந்தியே பிறக்குமெண்டு டொக்டர் சொல்லுறா. எனக்குப் பயமா இருக்கம்மா. சரி வந்ததோ? இருக்கிறதை அனுப்பி விடுங்கோவன்."

இவள் ஒரு கையில் போன், மற்றக் கையில் இடுக்கியோடு நின்றாள். சூளையின் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே சிவப்பாக எரிந்தது. கனநேரம் நின்றாள். பிறகு இடுக்கியைக் கீழே வைத்தாள், சுவிச்சை நிறுத்தினாள்.

"ஓம் பிள்ளை. சரி வந்திட்டுது," என்றாள்.

தூசியைக் கண்டபிறகும் அவள் விட்டுவிட்டுப் போனதை நான் அந்த ஒரு தரம்தான் கண்டேன்.

லிங்கநகரில் ஒரு பெடியன் சுவிசுக்குத் திரும்பிப் போக இருந்தான். பஞ்சில் சுற்றி, பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"தூளுக்குப் பக்கத்தில வைச்சிடாதையும் தம்பி."

"அன்ரி, என்ர சூட்கேசில மிளகாய்த்தூள் இல்லாத இடமே இல்லை. வாறவன் போறவன் எல்லாம் தந்து விட்டிருக்கிறாங்கள்."

கடைசியில் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனான். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். உடைக்கப் போகும்போது, தும்பு பறக்காமல் உடைக்கச் சொன்னாள். அவள் ஊரில் தெரிந்த எல்லாரிடமும் கேட்டுக் காயச் சரக்கு வாங்கி, வறுத்து இடித்து, போத்தலில் போட்டு மூடி வைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தாள்.

பதில் வந்தபோது நாங்கள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம். போனைச் சத்தமாக விட்டு மேசையில் வைத்தாள்.

"அம்மா, அவர் பாத்தவர். நல்லா வேலை தெரிஞ்ச கையெண்டு சொன்னவர். வெள்ளை நல்ல வெள்ளையாம்." பிறகு மகளின் குரல் இறங்கியது. "ஒரு தூசி இருக்காம்."

"ஓம்," என்றாள் தாய்.

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில."

"ஓம் பிள்ளை."

"இதைக் கொண்டுபோய் ஒப்பீஸில காட்ட ஏலாதாம். இன்னொண்டு செய்து அனுப்பச் சொல்லுறார்."

நான் கத்தியோடு எழும்பிவிட்டேன். "அவன்ர கண்ணில இடி விழ! ஒரு பிள்ளைத்தாச்சி கேக்கிறாள், ஒரு பொட்டுத் தூசிக்கு..."

"சும்மா இருங்கோ அக்கா. அவன் சரியாத்தான் சொல்லியிருக்கிறான்." மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் அங்க இருந்திருந்தா நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பன்."

எனக்கு அன்று அவளில் வந்த கோபம் அந்தச் சுவிஸ்காரனில் வந்ததைவிடப் பெரியது. ஒரு மனுசிக்குத் தன் பக்கம் கதைக்க ஒரு ஆளாவது வேண்டாமா? அவளே அவன் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

இன்னொன்று எங்கே செய்வது? தூள் முடிந்திருந்தது. அந்தக் கிழமையே சூளையின் கம்பியும் அறுந்தது. மூதூர் நானா வந்து திறந்து பார்த்துவிட்டு, "மௌத்தாப் போச்சு புள்ள," என்று செத்தவீட்டில் சொல்வதுபோலச் சொல்லி, மெல்லக் கதவைச் சாத்தினார். நிறச் சீலை திரும்பவும் கொடிக்கு வந்தது. காயப் போத்தல் அலுமாரிக்குள் இருந்தது.

டொக்டர் சொன்ன நாளுக்கு முந்தியேதான் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. ஆசுப்பத்திரியால் வீட்டுக்கு வந்த பிறகு மகள் வீடியோவில் கோல் எடுத்தாள். சுவிஸ்காரி, நான், எங்கள் வீட்டுக்காரர், மூன்று தலையும் ஒரு போனுக்கு மேலே. முதலில் படம் கலங்கி நின்றது, பிறகு தெளிந்தது. வெள்ளைத் துணி, வெள்ளைத் தொப்பி, நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பேரன்.

"ஐயோ, என்ர ராசா," என்றேன் நான்.

சுவிஸ்காரி போனைக் கிட்டக் கொண்டுபோனாள். "பொறு பிள்ளை, கண்ணாடியில ஏதோ ஒட்டியிருக்கு," என்று சீலைத் தலைப்பால் துடைத்தாள். பார்த்தாள். நகத்தால் மெல்லச் சுரண்டினாள். திரும்பவும் துடைத்தாள்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"கன்னத்தடியில ஒரு தூசி. போகுதில்லை."

"அது தூசி இல்லையம்மா. கறுத்தப் பொட்டு. நாவூறு படாமல் நான்தான் வைச்சனான். நீங்கள் இருந்தா வைச்சிருப்பீங்கள்தானே."

"ஓமோம்," என்றாள் சுவிஸ்காரி. "வடிவா வைச்சிருக்கிறாய்."

துடைப்பதை மட்டும் அவள் விடவில்லை.